உதயகிரி அகப்பை

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" என்பது நம் நாட்டுப் பழமொழி. சட்டியைப் பற்றிக் கவலைப்படாத குடும்பஸ்தர் உலகத்தில் இல்லை. ஆனால் அகப்பையைப் பற்றிக் கவலைப்பட்டவர் யார்? அது எந்தக் காட்டு மரத்தில் பிறந்தது, யாருடைய கை அதைக் குடைந்தது, குடைந்தவர் வீட்டுச் சட்டியில் அன்று ஏதேனும் இருந்ததா என்றெல்லாம் நாம் விசாரிப்பதே இல்லை. நாற்பத்தாறு பிராயம் வரையில் நாமும் விசாரிக்காமலே காலம் தள்ளிவிட்டோம். சென்ற தை மாதத்தில் நெல்லூருக்கு ஒரு கலியாணத்துக்காகப் போயிருந்தபோதுதான் அதற்குச் சந்தர்ப்பம் வாய்த்தது.

கலியாண வீட்டில் நாம் பந்தியைக் கவனித்துக்கொண்டிருக்கையில், நம் மனைவி சமையற்கட்டைக் கவனித்தாள். அங்கே ஒரு மரக் கரண்டி அவள் கண்ணில் பட்டது. அதன் பிடியில் சல்லடைபோல் துளைத்த பூவேலை. குழிவான பாகத்திலோ விரலை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியாத வழவழப்பு. "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டாள். "உதயகிரியில்" என்று பதில் வந்தது. மறுநாள் திருப்பதிக்குப் புறப்படுவதாக இருந்த நம் யாத்திரை உதயகிரிப் பக்கம் திரும்பிவிட்டது. வேங்கடேசப் பெருமாள் காத்திருப்பார். கரண்டி காத்திருக்காது என்பது அவள் கட்சி.

நெல்லூர் ஜில்லா நம்மவர்களுக்கு அந்நியம் அன்று. 1953-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிரியும் வரையில் அது சென்னையோடு சேர்ந்திருந்த பூமிதான். நெல்லூரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது உதயகிரி. வடபெண்ணை ஆற்றைக் கடந்து பஸ் போகிறது. முதலில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை வயல்கள். பிறகு வயல்கள் குறைந்து வேலிகாத்தானும் செம்மண்ணும் தலைகாட்டுகின்றன. அதற்கும் பிறகு, வானத்தின் அடியில் யாரோ நீலப் பென்ஸிலால் கோடு இழுத்தாற்போல் மலைத்தொடர் தெரிகிறது. அந்த மலைகளின் அடிவாரத்தில்தான் ஊர்.

ஊருக்கு மேலே, 3,079 அடி உயரமுள்ள மலையில், இடிந்த கோட்டை நிற்கிறது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் 1513-இல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்து, 1514-இல் கலிங்கத்துக் கஜபதியின் சேனையிடமிருந்து இதைப் பிடித்தார். வெற்றியின் அடையாளமாக இங்கிருந்த பாலகிருஷ்ண விக்கிரகத்தை எடுத்துக்கொண்டு போய், ஹம்பியில் அதற்கென்றே ஒரு கோயில் எடுப்பித்தார். 1515-ஆம் வருஷத்துக் கல்வெட்டு அதைச் சொல்லுகிறது. அந்த விக்கிரகம் இன்று சென்னை எழும்பூர்க் காட்சிச் சாலையில் இருக்கிறது. ராயருக்குப் பிறகு கோல்கொண்டாக்காரர் வந்தார்கள். மலைமேல் பாரஸீகக் கல்வெட்டுகளோடு ஒரு மசூதி எழும்பிற்று. பிறகு ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் ஊர் ஜாகீராக இருந்தது. கிருஷ்ணன் கோயில்களும் மசூதியும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் வெயில் காய்கின்றன. அடிவாரத்தில் ரங்கநாயகர் ஆலயம்.

"ராயர் ஒன்றரை வருஷம் காத்திருந்து வெண்ணெய்க் கண்ணனைக் கொண்டுபோனார். நாம் ஒரு பகலில் வெண்ணெய் எடுக்கும் மத்தைக் கொண்டுபோனால் போதும்" என்றாள் நம் மனைவி. மலை ஏறும் யோசனையை இவ்விதமாக அவள் முடித்துவைத்தாள்.

உதயகிரி மரக் கரண்டி வேலையில் பாரஸீகச் சாயல் உண்டு என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். மலைமேல் மசூதியையும் கீழே இந்த வேலையில் ஈடுபட்ட முஸ்லிம் குடும்பங்களையும் பார்த்தபோது அதில் நமக்கு ஆச்சரியம் தோன்றவில்லை. ஸ்பூன், முள்கரண்டி, கத்தி, அகப்பை, சட்டுவம் என்று மேஜைக்கும் அடுப்பங்கரைக்கும் வேண்டியவை யாவும் இங்கே மரத்தில் பிறக்கின்றன. இந்தக் கைவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்தக் குறியீட்டைப் பதிவு செய்யும் காரியாலயம் நம் சென்னைக் கிண்டியில் இருக்கிறது. உதயகிரியின் பெயர் அங்கே ஏறியிருப்பது பெருமைதான். ஆனால், பட்டயத்தைச் சட்டியில் போட்டு வேகவைக்க முடியாதல்லவா?

விசாரித்துக்கொண்டு போய் ஒரு வீட்டு வாசலை அடைந்தோம். அந்த வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் அவர்கள் பேசுவது உருது; நம்மிடம் தெலுங்கில் பேசினார். நமக்குத் தெரிந்த தெலுங்கு, ரயிலுக்கு வழி கேட்கும் அளவுதான். எனினும் கரண்டிக்கு மொழி ஒன்றே ஆகையால் கஷ்டம் இருக்கவில்லை. நாம் பள்ளிக்கூட உபாத்தியாயர் என்று தெரிந்ததும், தெலுங்கர் வழக்கப்படி "மாஸ்டாரு" என்று அழைத்துப் பாய் விரித்தார். நாம் அவரை "அம்மா" என்று அழைத்தோம்.

இந்த வேலையை அவர் தம் மாமனாரிடம் கற்றாராம். புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் உப்புத்தாள் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்களாம். ஒரு வருஷம் தேய்த்த பிறகு அரம் கைக்கு வந்தது. அதற்கும் பிறகுதான் உளி. "தேய்த்துத் தேய்த்துக் கரண்டியின் வடிவம் முதலில் விரலுக்குத் தெரியவேண்டும். கண்ணுக்குப் பிறகு தெரிந்தால் போதும் என்பார் மாமனார்" என்றார். நம் பள்ளிக்கூடங்களில் எல்லாம் தலைகீழாக நடக்கிறதே என்று அப்போதே ஒரு சிறு உறுத்தல் உண்டாயிற்று.

நாம் பார்க்கும்படியாகவே ஓர் அகப்பையை ஆரம்பித்தார். மரத்துண்டைக் கைக்கோடரியால் நாரின் போக்கில் பிளந்தார். ரம்பத்தால் அறுக்கலாகாதா என்று கேட்டோம். அறுத்தால் ரம்பம் தன் வழியில் போகும். பிளந்தால் மரம் தன் வழியைத் தானே காட்டும் என்றார். அகப்பையின் பலம் கழுத்தில் இருக்கிறது. பிடியும் குழியும் சேரும் அந்த இடத்தில் நார் குறுக்காக ஓடினால், எத்தனை அழகாகச் செதுக்கினாலும் ஒரு நாள் பாயசத்துக்குள் தலை தங்கிவிடும். பிடி மட்டும் கையோடு வரும். ஆகையால் மேலிருந்து கீழ்வரையில் ஒரே நார் ஓடும் துண்டைப் பொறுக்குவதில்தான் பாதி வேலை என்றார்.

பிறகு வாய்ச்சியால் உருவம் கொடுத்தார். கால் விரல்களால் துண்டை இடுக்கிக்கொண்டு நகவுளியால் குழியைக் குடைந்தார். மரம் கொஞ்சம் ஈரமாக இருக்கையில் உளி சுலபமாக ஓடும். ஆனால் அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில் நிதானமாகக் காயவேண்டும். காய்ந்த பின் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் எண்ணெய் பூசினால், அதுவரையில் சாம்பல் பூத்தாற்போல் இருந்த மரத்தில் ரேகைகள் குபீரென்று எழுந்திருக்கின்றன. அந்தக் கணத்தைப் பார்க்கவே ஒரு தடவை உதயகிரிக்குப் போகலாம்.

மரங்களின் பெயர்களைக் கேட்டோம். நர்தி, பிக்கி, பாலபரிகே, தேவதாரி என்று சொன்னார். துர்க்கம்பள்ளிக் குன்றுகளில் கிடைப்பவை. தேவதாரி என்றதும் இமயமலைத் தேவதாருவை எண்ணிவிட வேண்டாம். அது நம் நாட்டு வறண்ட காடுகளிலும் வளரும் சிறு மரம். தமிழில் தேவதாரம் என்றும் செம்புளிச்சான் என்றும் சொல்லுகிறோம். இலேசான வாசனை உண்டு.

"முன்போல் காட்டுக்குப் போய் வரமுடியவில்லை, மாஸ்டாரு. இது செம்மரம் விளையும் மலைப் பிரதேசம். கோடரியோடு யார் போனாலும் செம்மரம் திருடப் போகிறான் என்றே நினைக்கிறார்கள். நாங்கள் எடுப்பது முழங்கை நீளத் துண்டு" என்று கையை நீட்டிக் காட்டினார். காட்டைக் காக்கவேண்டியதும் நியாயம். கரண்டிக்கு ஒரு கிளை கேட்பதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் அந்த முழங்கை நீண்டிருந்தது.

இதற்குள் நம் மனைவி பத்துப் பதினைந்து அகப்பைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காற்றில் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் சிறிது நேரம் அதைக் கவனித்துவிட்டு, "உங்கள் வீட்டுப் பழைய அகப்பை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது?" என்று கேட்டார். நம் மனைவி யோசித்தாள். இருபது வருஷமாகப் பிடிக்கும் அகப்பை. அதன் இடது விளிம்பு நிலாவைக் கடித்தாற்போல் தேய்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "வலது கைக்காரர் அல்லவா? அந்த விளிம்புதான் பாத்திரத்தின் அடியை உராயும்" என்று சொல்லி, ஓர் அகப்பையை எடுத்து அந்த இடத்தில் சற்றுக் கனமாக விட்டு ராவிக் கொடுத்தார். யந்திரத்தில் வார்த்தெடுக்கும் கரண்டிக்கு நாம் வலது கைக்காரரா இடது கைக்காரரா என்று தெரியுமா?

விலை பேசும் கட்டம் வந்தது. நூற்றிருபது ரூபாய் என்றார். நம் மனைவி பிறவிக் குணத்தை விடாமல் எண்பதுக்குக் கேட்டாள். தொண்ணூறில் வந்து நின்றது. அந்த அம்மாள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றப் போனார். நமக்கு அதில் வெற்றி பெற்ற சந்தோஷம்கூட இருந்தது என்பதை மறைப்பதில் பயன் இல்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவருடைய பெண் வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமையாதலால் வீட்டில் இருந்தாள். கையில் ஓர் அகன்ற கரண்டிப் பிடி; இன்னும் துளைக்காதது. அதன்மேல் பென்ஸிலால் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் ஆறு இதழ்ப் பூவும் போட்டிருந்தாள். கோடுகள் இம்மியும் பிசகவில்லை. மற்றொரு கையில் என்ன என்று பார்த்தோம். பள்ளிக்கூடத்துக் கணக்குப் பெட்டியிலுள்ள கவராயம்!

நாம் கணக்கு உபாத்தியாயர். வட்டத்தின் ஆரத்தை மாற்றாமல் கவராயத்தை வட்டத்தின்மேல் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு இடங்களில் வெட்டும் என்பதை இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் போட்டுவருகிறோம். அந்த ஆறு புள்ளிகள் ஒரு பூவாகி, பூ ஒரு கரண்டிப் பிடியில் மலரும் என்று ஒரு நாளும் நாம் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றினதும் இல்லை.

மாமனார் ஓர் ஆணியும் நூலும் வைத்து இந்தப் பூவைப் போடுவாராம். அந்த அம்மாளுக்கு நூலும் வேண்டாம். கண்ணால் அளந்தே உளியை வைத்துவிடுவார். பெண்ணுக்குக் கவராயம். மூன்று தலைமுறைக்கும் பூ ஒன்றே.

"இது பள்ளிக்கூடத்தில் கற்றதா, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டோம்.

"வரையச் சொல்லிக்கொடுத்தார்கள், மாஸ்டாரு. எதற்கு என்று சொல்லவில்லை" என்றாள்.

அந்தக் குழந்தை குற்றமாக ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் நமக்குப் பாயில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாகிவிட்டது. 1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மகாநாடு கூடிற்று. கைத்தொழிலை நடுவில் வைத்துக் குழந்தைகளுக்குக் கல்வி கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி மார்க்கு வாங்கித் தேறியவர்கள் நாம். எழுதியதோடு சரி.

"நன்றாகப் படிக்கிறாளா?" என்று தாயாரிடம் கேட்டோம்.

"படிக்கிறாள். படித்து உங்களைப்போல் உத்தியோகத்துக்குப் போகவேண்டும். இந்தத் தோள்வலி இவளுக்கு வேண்டாம். தேய்த்த தூசி எல்லாம் எங்கள் மார்பில்தான் இருக்கிறது" என்றார்.

வேறு எந்த வீடாக இருந்தாலும், "பலே! அப்படித்தான் செய்யவேண்டும்" என்று நாம் உடனே சொல்லியிருப்போம். அதைச் சொல்வதுதான் நம் தொழில். அன்று வாய் வரவில்லை. பெண் படிக்கத்தான் வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படிப்பு என்றால் கையிலுள்ள உளியைக் கீழே போடுவது என்று இந்தத் தாய்க்கு யார் கற்பித்தார்கள்? கற்பித்தவர்களில் நாமும் ஒருவர் அல்லவா?

நம் மனைவிதான் பேசினாள். "இவளும் விட்டுவிட்டால் அடுத்த அகப்பையை யார் செய்வார்கள்?"

அந்த அம்மாள் சிரித்தார். "வாங்குகிறவர்கள் விலையைக் கொடுத்தால் யாராவது செய்வார்கள், அம்மா" என்றார்.

இதைக் கோபத்தோடு சொல்லியிருந்தால் நாமும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டல்லவா சொன்னார்! நம் மனைவி பணப்பையைத் திறந்து, மீதி முப்பது ரூபாயை எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். அந்த அம்மாள் வேண்டாம் என்று தடுத்தார். "இது உங்களுக்கு அன்று; அந்தக் கனமான விளிம்புக்கு" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஒரு மத்தும் இரண்டு சட்டுவமும் சொன்ன விலைக்கே வாங்கினாள். கலியாணமாகி இருபது வருஷத்தில் சொன்ன விலைக்கு அவள் ஒரு பொருளை வாங்கி நாம் பார்த்தது அதுவே முதல் தடவை.

1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தியபோது, அதன் காரியதரிசியாக இருந்து நடத்தினவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. பொருளை வாங்குகிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு என்பது அவருடைய ஓயாத உபதேசம். அந்த உபதேசத்தைப் புஸ்தகத்தில் படிப்பது சுலபம். பாயில் உட்கார்ந்து, செய்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விலை பேசும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

தேசபக்தியை உத்தேசித்து மட்டும் மர அகப்பையை வாங்கச் சொல்லுகிறோம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். சூடான பாத்திரத்தில் போட்டுவைத்தாலும் அதன் பிடி கையைச் சுடாது. புளிக்கும் மோருக்கும் அஞ்சாது. பித்தளைபோல் ஈயம் பூசவேண்டியதில்லை. கல்சட்டியின் அடியைக் கீறாது. இக்காலத்தில் வந்திருக்கும் ஒட்டாத பூச்சுப் பாத்திரங்களில் உலோகக் கரண்டியைப் போட்டால் பூச்சு போய்விடும். அதனால் பட்டணத்து வீடுகளிலும் மரக் கரண்டிக்கு மறுபடியும் மரியாதை ஏற்பட்டிருக்கிறது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடாமல், கழுவியவுடன் துடைத்து, நிழலில் உலர்த்தி, எப்போதாவது துளி எண்ணெய் தடவினால் போதும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

விடைபெறும்போது, பூவேலை செய்த கரண்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னோம். பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவர் முகம் வாடிற்று. "சுவரில் மாட்டினால் அது தேயாது, மாஸ்டாரு. தேயாவிட்டால் நீங்கள் மறுபடியும் வரமாட்டீர்கள்" என்றார்.

ஊர் திரும்பிய மறு வாரம் அந்தக் கரண்டியை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனோம். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இந்தப் பூவில் வட்டத்தின் மையம் எங்கே? ஆரம் எவ்வளவு? கண்டுபிடியுங்கள்" என்று கையில் கொடுத்தோம். பெஞ்சு பெஞ்சாகக் கரண்டி சென்றது. கடைசிப் பெஞ்சில், வருஷம் முழுவதும் வாயைத் திறவாத ஒரு பையன் எழுந்தான். அவன் தகப்பனார் தச்சு வேலை செய்பவர். "ஸார், எங்கள் அப்பா இதை ஆணியும் நூலும் வைத்துப் போடுவார். நானும் போடுவேன்" என்றான். கரும்பலகைக்கு வரச் சொன்னோம். ஒரு முழ நூலையும் சுண்ணாம்புக் கட்டியையும் வைத்துக்கொண்டு, நாம் கவராயத்தால் போடுவதைவிடச் சுத்தமாகப் போட்டுக் காட்டினான். வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு நாள் பாடத்தால் உதயகிரிக்கு மரமும் வராது, தோள்வலியும் தீராது. அது நமக்குத் தெரியும். ஆனாலும், "எதற்கு என்று சொல்லவில்லை" என்று இந்த வகுப்பிலுள்ள ஒரு பிள்ளை நாளை நம்மைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கரண்டி இப்போது சுவரில் இல்லை. மோர்ப் பானையில் இருக்கிறது. அகப்பை அடுப்பங்கரையில் இருக்கிறது. அதன் இடது விளிம்பு தேய ஆரம்பித்துவிட்டதா என்று நம் மனைவி வாரத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். தேய்ந்ததும் உதயகிரிக்குப் போகவேண்டுமாம். இந்தத் தடவை திருப்பதிக்கும் சேர்த்து விடுமுறை வாங்கச் சொல்லியிருக்கிறாள்.